குழந்தை கேட்கும் சொற்பொருள்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்துப் பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

 

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு மிகச் சிறியதாகத் தோன்றும். வீட்டில் ஒரு குழந்தை, நாள்தோறும் தன் காதில் விழுகின்ற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா, அப்படி என்றால் என்ன?' என்று கேட்கிறது. அக்குழந்தைக்கு நாம் என்ன விடை சொல்வது? இதுதான் பொருள். இதற்கு ஓர் உரை வேண்டுமோ என்று எண்ணிவிடாதீர்கள். நம் தனித்தமிழ் இயக்கமே இத்தகைய ஒரு வீட்டுப் பேச்சிலிருந்துதான் பிறந்தது.

1916ஆம் ஆண்டு. இங்கிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் உள்ள பல்லாவரத்தில், மறைமலையடிகள் தம் மகள் நீலாம்பிகையோடு வள்ளலாரின் பாடல் ஒன்றைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தார். நீலாம்பிகைக்கு அப்போது 13 அகவை. அப்பாடலில் 'தேகம்' என்ற வடசொல் வருகிறது. அவ்விடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச்சொல் நின்றிருந்தால் பாட்டின் ஓசையும் பொருளும் எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று தந்தை மகளுக்கு எடுத்துரைத்தார். அந்த உரையாடலே வித்தாயிற்று. வேதாசலம் என்ற பெயர் மறைமலை ஆயிற்று. 'ஞானசாகரம்' என்ற இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று. அம்மகள் வளர்ந்து வடசொற்களுக்குத் தமிழ் அகரவரிசை தொகுத்தளித்தார். ஒரு தந்தை ஒரு சொல்லைத் தம் குழந்தைக்குத் திறந்து காட்டினார். ஓர் இனத்தின் பேச்சே மாறத் தொடங்கிற்று. அன்று வடசொல், இன்று ஆங்கிலச் சொல். வீடும் குழந்தையும் கேள்வியும் அவையேதாம்.

இற்றை நாளில் நம் வீடுகளில் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடைகளைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றே வகை.

முதல் வகை: 'பஸ் என்றால் பஸ்தான்; வேறென்ன?' என்பது. இதில் குழந்தைக்கு ஒன்றும் விளங்குவதில்லை. சொல்லுக்குப் பொருள் கேட்டல் வீண்வேலை என்ற ஒன்றை மட்டும் அது கற்றுக்கொள்கிறது.

இரண்டாம் வகை: 'எனக்குத் தெரியாது, உன் பள்ளியில் கேள்' என்பது. இது கேடு மிகுந்தது. ஆங்கிலவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அவன் கொண்டுவரும் ஒவ்வொரு சொல்லுக்கும் தாய் 'தெரியாது' என்று சொல்லிச் சொல்லி, சில ஆண்டுகளில் அவன் அவளிடம் கேட்பதையே விட்டுவிடுகிறான். தன் தாய் ஒன்றும் அறியாதவள் என்று அவன் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. ஆயிரம் இழை அறுந்தாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிணைக்கத் தெரிந்தவள், பட்டின் ஒளியைப் பார்த்தே அதன் தரம் சொல்லக்கூடியவள், அறிவற்றவள் என்று தன் பிள்ளையாலேயே எண்ணப்படுகிறாள். ஆங்கிலம் நம் வீட்டில் செய்யும் முதற் கேடு இதுவே. சொற்கலப்பு அதற்குப் பின்னர்தான் வருகிறது.

மூன்றாம் வகை விடை நம்மைப் போன்ற தமிழ்ப்பற்றாளர் வீடுகளில் கிடைப்பது. 'அந்தச் சொல்லைச் சொல்லாதே. பேருந்து என்று சொல்' என்பது. அன்பர்களே, இதுவும் போதாது. இஃது ஆணை, விளக்கம் அன்று. விளங்காத ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு, விளங்காத இன்னொரு சொல்லைக் கையில் கொடுத்தால் குழந்தை எதை வைத்துக்கொள்ளும்? தெருவில் எல்லாரும் சொல்வதைத்தான் வைத்துக்கொள்ளும். நம் சொற்கள் மேடையில் வாழ்ந்து தெருவில் வாடுவதற்கு இஃதொரு பெருங் கரணியம்.

ஆகவே, நான்காவதாக ஒரு வழியைச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலச் சொல்லையும் திறந்து காட்டுங்கள். தமிழ்ச் சொல்லையும் திறந்து காட்டுங்கள். இரண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று குழந்தையே பார்க்கட்டும்.

'பஸ்' என்பதையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் பிரஞ்சு நாட்டில் நாந்து என்ற ஊரில், கட்டணம் கொடுத்து யாரும் ஏறிச்செல்லக் கூடிய குதிரைவண்டி ஒன்று ஓடிற்று. அதற்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர். இஃது இலத்தீன் சொல். 'எல்லார்க்கும்' என்பது பொருள். ஆங்கிலேயர் அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். 'எல்லார்க்கும்' என்ற சொல்லில் 'எல்லார்' போய்க் 'க்கும்' மட்டும் நிற்பது போன்றதே 'பஸ்'! அதற்குத் தனியே பொருளில்லை. இனிப் 'பேருந்து' என்பதைப் பாருங்கள். பெரியதாய் இருப்பது, உந்திச் செல்வது, எனவே பேருந்து. குழந்தைக்குப் 'பெரிய' என்பதும் தெரியும், உந்துதலும் தெரியும். இவ்வாறு சொல்லிவிட்டால், 'இதைத்தான் சொல்ல வேண்டும்' என்று ஆணையிட வேண்டிய தேவையே இல்லை. பொருள் தெரிந்த சொல்லின்மேல் குழந்தைக்குத் தானாகவே ஒரு பிடிப்பு உண்டாகும்.

'விண்டோ' என்ற சொல்லைக் கேட்கிறது குழந்தை. வடகடலோடிகளின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குப் போன சொல் அது. 'காற்றின் கண்' என்பது அதன் பொருள். எவ்வளவு அழகான சொல்! நாம் அதனைப் பழிக்க வேண்டியதில்லை. நம்மிடம் உள்ளவற்றையும் உடன் காட்டினால் போதும். 'கால்' என்றால் காற்று. 'அதர்' என்றால் வழி. காற்று வரும் வழி 'காலதர்'. சிலப்பதிகாரத்தில் வழங்கும் சொல் இது. பல கண்களை உடையது 'பலகணி'. ஆங்கிலேயன் முன்னோன் கண்ட கண்ணையும் காற்றையும் தமிழனும் கண்டிருக்கிறான். இவற்றை விட்டுவிட்டு நாம் வழங்கும் 'சன்னல்' என்பதோ போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது. 'அலமாரி', 'சாவி', 'மேசை' ஆகியனவும் அவர்கள் வழியே வந்தனவே. திறக்கும் கோலைத் 'திறவுகோல்' என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கு விளங்காது?

'பென்சில்' என்பதற்கு இலத்தீனில் 'சிறிய வால்' என்று பொருள். வால்மயிரால் ஆன வண்ணந்தீட்டும் தூரிகைக்கு இட்ட பெயர் பின்னர்க் கரிக்கோலுக்கும் வந்துவிட்டது. 'டாக்டர்' என்பதற்கு இலத்தீனில் 'கற்பிப்பவர்' என்றே பொருள்; அச்சொல்லுக்குள் மருந்து இல்லை. 'மருத்துவர்' என்ற நம் சொல்லுக்குள் மருந்து இருக்கிறது.

கைப்பேசிக்குச் 'சார்ஜ்' போடு என்கிறோம். அச்சொல்லின் அடியில் இருப்பது ஒரு மாட்டுவண்டி என்றால் வியப்பீர்கள். வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து, வண்டியில் சுமை ஏற்றுதல் என்ற பொருளில் வந்தது 'சார்ஜ்'. நாம் அதனை 'மின்னேற்றம்' என்கிறோம். மூட்டையை ஏற்றுவது போல மின்னை ஏற்றுகிறோம். இருமொழியிலும் கருத்து ஒன்றே. இதைக் கேட்கும் குழந்தை, தமிழில் புதுச்சொல் ஆக்குவது ஏதோ செயற்கை வேலை என்று எக்காலும் சொல்லாது. எல்லா மொழியும் இவ்வாறே சொல்லாக்குகின்றது என்று தெரிந்துகொள்ளும்.

இனி, இவ்வூர்ப் பெற்றோராகிய உங்களுக்கே உரிய ஒரு வாய்ப்பைச் சொல்கிறேன். வேறெந்த ஊர்த் தாய்க்கும் தந்தைக்கும் இவ்வளவு எளிதாக அஃது அமையாது. ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்கள் பலவும் தறியிலிருந்து பிறந்தவை. அவற்றுக்குப் பொருள் சொல்ல உங்களைக் காட்டிலும் தகுதி உடையார் யார்?

பிள்ளை 'டெக்ஸ்ட் புக்' என்கிறான். 'டெக்ஸ்ட்' என்பதன் வேர் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல். துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். நெய்யப்பட்டது துணி, சொல்லால் நெய்யப்பட்டது பாடம். நாம் என்ன சொல்கிறோம்? 'நூல்' என்கிறோம். தறியில் ஓடுவதும் நூல். கையில் வைத்துப் படிப்பதும் நூல். பஞ்சிலிருந்து நூல் நூற்பதையும் சொல்லிலிருந்து நூல் இயற்றுவதையும் ஒப்பிட்டு விளக்குகிறது 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் செய்த நன்னூல். தறியில் நீட்டி விரிப்பது 'பா'. புலவன் பாடுவதும் 'பா'. பிள்ளையைத் தறியருகே அழைத்து, பாவின்மேல் அவன் கையை வைத்து, 'இதுவும் நூல், உன் பையில் இருப்பதும் நூல்' என்று சொல்லிப் பாருங்கள். பள்ளியில் எவரும் அவனுக்குச் சொல்லாத ஒன்றைத் தன் தந்தை சொன்னார் என்று அவன் நினைவில் நிற்கும்.

'டென்ஷன்' என்ற சொல் இன்று ஐந்தகவைக் குழந்தையின் வாயிலும் வருகிறது. இழுத்து நீட்டுதல் என்பதே அதன் மூலப்பொருள். தறியில் பா எவ்வாறு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டுங்கள். தளர்ந்தால் நெசவு தொய்யும். அளவுக்கு மீறி இறுக்கினால் இழை அறும். அந்த இழுப்புக்கு அறிவியலில் 'இழுவிசை' என்று பெயர். உள்ளம் அவ்வாறு இழுபடும்போது வருவது 'இறுக்கம்'. சொல்லும் விளங்கும், வாழ்க்கைக்கு ஓர் அறிவுரையும் கிடைக்கும்.

'ஷட்டில்' என்கிறார்கள். எய்யப்படும் கணை என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல் அது. தறியில் அங்குமிங்கும் பாயும் நாடாவுக்குப் பெயராயிற்று. தமிழில் அந்நாடாவுக்கு 'ஓடம்' என்றும் ஒரு பெயருண்டு. ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் செல்வது ஓடம். தறியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் செல்வதும் ஓடம். 1981 முதல் 2011 வரை அமெரிக்க நாட்டார் விண்ணுக்கு அனுப்பி மீட்டுவந்த ஊர்தியையும் தறிநாடாவின் பெயராலேயே அவர்கள் அழைத்தனர். நாம் அதனை 'விண்ணோடம்' என்றோம். காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு இதைவிட எளிதாய் வேறு யார்க்கு விளங்கும்?

ஆயின், தோழர்களே, நிலைமை என்ன? அயலவர் சொல்லுக்குப் பொருள் சொல்லும் தகுதி படைத்த தறியிலேயே நம் சொற்கள் மறைந்துவருகின்றன. 'கோபுரக் கரை' என்று உங்கள் பாட்டன்மார் நெய்தார்கள். இன்று கடையில் அது 'டெம்பிள் பார்டர்'. கரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு ஒரு நிறமுமாக, மூன்று நாடாவைக் கொண்டு, இருவர் கை சேர்ந்து, இழைக்கு இழை பிணைத்து நெய்யும் அரிய வேலைக்குக் 'கோர்வை' என்று பெயர். இன்று அது 'கான்ட்ராஸ்ட் பார்டர்'. நிறம் மாறுபட்டிருக்கிறது என்பதை மட்டும் அச்சொல் சொல்கிறது. கோத்துப் பிணைத்த கைத்திறனைச் சொல்வதில்லை. தனித்தனியே நெய்து ஒட்டினாலும் அது 'கான்ட்ராஸ்ட்' தான்! சொல் போனால், அச்சொல் குறித்த உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. உழைப்புத் தெரியாமற் போனால் அதற்குரிய கூலியும் குறைகிறது. 'கோர்வை' என்று கேட்டு வாங்குபவன் வேலைக்கு விலை கொடுக்கிறான்; 'கான்ட்ராஸ்ட்' என்று கேட்பவன் நிறத்துக்குத்தான் விலை கொடுக்கிறான்.

நிறப்பெயர்களும் அவ்வாறே. 'அரக்கு' என்ற நிறத்தை இன்று 'மெரூன்' என்கிறோம். அது பிரஞ்சு நாட்டில் விளையும் ஒருவகைக் கொட்டையின் பெயர். நம் குழந்தை அதைக் கண்டதில்லை. அரக்கையும் கிளிப்பச்சையையும் மயில்கழுத்தையும் அது கண்டிருக்கிறது. 'கரை' என்ற சொல்லையே பாருங்கள். வேகவதிக்கும் கரை உண்டு. புடவைக்கும் கரை உண்டு. 'பார்டர்' என்று சொல்லும் வாய்க்கு அந்த ஆறு தெரியாது.

பட்டுக்கே பண்டைத் தமிழில் ஒரு பெயர் உண்டு. பதிற்றுப்பத்தில் 'நூலாக் கலிங்கம்' என்று வருகிறது. நூற்கப்படாத ஆடை என்பது பொருள். பருத்தியைப் போலப் பட்டைத் திரித்து நூற்பதில்லை. கூட்டிலிருந்து நீளிழையாகவே இழுத்தெடுக்கிறோம். இச்செய்முறை முழுவதும் அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது. காஞ்சிபுரப் பட்டுக்கு 2005-2006ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. அப்பட்டை நெய்யும் சொற்களுக்குக் காப்பு எங்கே? நம் பிள்ளைகள் பலர் திருப்பெரும்புதூர், ஒரகடத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் செல்வதைக் குறைகூறுதல் முறையன்று. தறியின் வருவாய் அத்தகையது. ஆனால், பிள்ளை தறியை விட்டுப் போகும்போது சொல்லையும் விட்டுப் போனால், அச்சொற்களை மீட்க எந்த அகரமுதலியாலும் இயலாது.

இங்கு இரண்டு ஐயங்கள் எழலாம். 'அப்படியாயின் ஆங்கிலம் கற்கவே வேண்டாவா?' என்று கேட்பீர்கள். நன்றாகக் கற்கட்டும். ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்கட்டும்; தமிழைத் தமிழாகப் பேசட்டும். 1909இல் இந்நகரில் பிறந்த அறிஞர் அண்ணா இருமொழியிலும் பெரும்பேச்சாளராய் விளங்கினார். ஆங்கிலச் சொல்லின் வேரையும் அறிந்த பிள்ளை அம்மொழியைப் பிறரினும் ஆழமாகக் கற்பான். ஆங்கிலமும் பிறரிடம் வாங்கி வளர்ந்ததே என்றும் அவன் அறிவான். 'கட்டுமரம்', 'சுருட்டு' ஆகிய நம் சொற்களை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டு திரித்து வழங்குகின்றனர். 'ஆரஞ்சு' என்ற சொல்லும் நம் நாரத்தையின் இனமாய்த் திராவிட மொழியிலிருந்து புறப்பட்டு, வடமொழி, பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா சென்றிருத்தல் கூடும் என்பது சொல்லாய்வாளர் கருத்து. இவற்றை அறிந்த குழந்தை ஆங்கிலத்தின் முன் கூசி நிற்காது. அதனை இகழவும் செய்யாது.

'எல்லாச் சொல்லையும் பெயர்க்க முடியுமா?' என்பது அடுத்த ஐயம். ஆட்பெயரைப் பெயர்க்க வேண்டியதில்லை. தறியின்மேல் நீங்கள் பூட்டியிருக்கும் 'ஜாக்கார்டு' என்பது 1804இல் அக்கருவியை அமைத்த பிரஞ்சுக்காரரின் பெயர். துளையிட்ட அட்டைகளால் பூவேலைப்பாட்டை இயக்கும் அவர் முறையே பின்னாளில் கணிப்பொறி எண்ணத்துக்கும் வழிகாட்டிற்று. அப்பெயரை அப்படியே சொல்லி, அவர் வரலாற்றைச் சொல்லுங்கள். அதுவே அச்சொல்லுக்கு விளக்கம். புதுச்சொல் வழங்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 'அபேட்சகர்' என்று எழுதிய நாட்டில் இன்று 'வேட்பாளர்' என்று எல்லாரும் சொல்கின்றனர். 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்தார். 'உபாத்தியாயர்' போய் 'ஆசிரியர்' வந்தார். 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்தது. ஒரு தலைமுறை உறுதியாகச் சொன்னது. அடுத்த தலைமுறைக்கு அது தாய்ப்பேச்சாகிவிட்டது.

இந்நகர வரலாற்றிலேயே இதற்கொரு சான்று உண்டு. காஞ்சியை ஆண்ட பல்லவர் வடமொழியைப் போற்றியவர்கள். 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் வெளியிட்ட காசாக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். அரசனின் குலப்புகழ் வடமொழியில் இருக்கிறது. ஆனால், நாட்டார்க்கு விடுத்த ஆணையும், கொடுத்த நிலத்தின் எல்லையும் தமிழில் இருக்கின்றன. புகழ்ச்சி விளங்காவிட்டால் ஒன்றும் கெடுவதில்லை. எல்லை விளங்காவிட்டால் நிலமே போய்விடும்! பொருள் விளங்கியே தீர வேண்டிய இடத்தில் பல்லவனும் தமிழுக்குத்தான் வந்தான். நம் குழந்தையின் அறிவும் ஒரு நிலம். அதன் எல்லைகளை அதற்கு விளங்கும் மொழியில்தான் எழுதுதல் வேண்டும்.

முடிவாக, செயலுக்கு வருவோம். நீங்கள் இன்று வீடு சென்றதும் ஓர் எளிய குறிப்பேட்டை எடுத்து வையுங்கள். நாளொன்றுக்கு ஒரு சொல் போதும். குழந்தை கேட்கும் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். பொருளைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். தமிழ்ச் சொல்லைச் சொல்லி, அதனைப் பிரித்துக் காட்டுங்கள். அச்சொல்லை வைத்துக் குழந்தையே ஒரு தொடர் சொல்லட்டும். ஆங்கிலச் சொல்லின் வேர் தெரியாவிடில் வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கு வந்திருக்கும் ஆசிரியர்களைக் கேளுங்கள், நாளைக்குச் சொல்லுங்கள். தவறிச் சொன்னதற்காகக் குழந்தையை அதட்டாதீர்கள். அதட்டி வளர்த்த தமிழ் பள்ளி வாயில்வரை கூட வாராது.

அக்குறிப்பேட்டின் மறுபக்கத்தில், தறியில் வழங்கும் சொல் ஒன்றையும் நாள்தோறும் எழுதுங்கள். பா, ஊடை, கோர்வை, கரை, முந்தானை என்று தொடங்குங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்லட்டும். படிக்கும் பிள்ளை எழுதட்டும். ஓராண்டு சென்றால் முந்நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேரும். அதனை எழுதி முடித்த பிள்ளை, தன் தாயையும் தந்தையையும் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

'நன்றி' என்ற சொல்லுக்கும் பொருள் சொல்லி அமைகிறேன். 'தேங்க்ஸ்' என்பது நினைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது. 'நன்றி' என்பதோ நன்மை என்ற பொருளுடையது. ஒருவர் நமக்குச் செய்த நன்மையே நன்றி. அதனை அறிந்து நினைத்தலைத்தான் வள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்றார். இவ்வளவு நேரம் அமைதியாகக் கேட்டிருந்து நீங்கள் எனக்குச் செய்த நன்மையை அறிந்து நினைக்கிறேன்.